படம் எப்படி இருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் காரிமங்கலம். ஒரு பக்கம் தருமபுரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. எந்த ஊரில் நல்ல படம் ஓடுகிறதோ அந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். இது தெரிந்ததால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் சனிக்கிழமை ஆனால் போன் போட்டு விசாரிப்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கதையின் முக்கியமான திருப்பத்தைச் சொல்லவேண்டி வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

சினிமா பற்றி ஏதாவது படித்திருக்கிறாயா?

இல்லை. டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவன், அவ்வளவுதான். இதில் இருப்பதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம்.

அப்புறம் எதை வைத்து ஒரு படத்தை நல்ல படம் என்கிறாய்?

ஹீரோவை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்ப்பேன். ஹீரோவின் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடையில் நிற்கும் ஆள், ஒரே காட்சியில் வரும் கண்டக்டர். கேமரா அந்தப் பக்கம் திரும்பாதபோதும் இவர்களுக்கு ஒரு வேலையும் கவலையும் இருக்கும் என்று நம்ப முடிந்தால் அந்தப் படம் எனக்குப் பிடித்துவிடும். ஹீரோ பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால், எத்தனை கோடி செலவழித்திருந்தாலும் மனதில் ஒட்டாது. கீழே நான் பிடித்தது, பிடிக்காதது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

அப்படிப் பார்த்தால் சமீபத்தில் வந்ததில் எது முதலில்?

யோசிக்காமல் சொல்வேன், லப்பர் பந்து. 2024 செப்டம்பரில் வந்தது. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதல் படம். ஊர் கிரிக்கெட்டில் பேர் வாங்கிய கெத்து, அவரை அவுட் ஆக்கத் தெரிந்த இளைஞன் அன்பு. அன்பு காதலிக்கும் பெண் கெத்துவின் மகள் என்பது அவனுக்கு முதலில் தெரியாது. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

ஆனால் அதில் வரும் பெண்களைப் பாருங்கள். கெத்துவின் மனைவி யசோதையாக ஸ்வாசிகா. டிராக்டர் ஓட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கும் தோரணையிலேயே அந்த வீட்டில் யார் உழைக்கிறார்கள், யார் பேச்சு எடுபடும் என்பது புரிந்துவிடுகிறது. கீதா கைலாசம் செய்திருக்கும் மாமியார், மகனை விட்டுக்கொடுத்துவிட்டு மருமகள் பக்கம் நிற்கிறார். மாமியார் என்றாலே வில்லி என்று பழக்கப்பட்ட நம் சினிமாவில் இது எவ்வளவு பெரிய விஷயம்! மகள் துர்காவும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் அழுதுகொண்டு நிற்கும் பெண் இல்லை. அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது.

சாதி விஷயத்தையும் மேடை போட்டுப் பேசாமல் காட்டியிருக்கிறார்கள். நன்றாக விளையாடுகிற அன்புவை அந்த ஊர் டீமில் ஏன் சேர்க்கவில்லை என்பது, யாரும் விளக்கிச் சொல்லாமலே நமக்கு உறைக்கிறது.

எங்கள் பக்கம் ஏரி வற்றினால் அதுதான் கிரவுண்டு. பிட்ச் தயார் செய்து, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று நோட்டீஸ் ஒட்டி, பக்கத்து ஊர் டீம்களைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடுவார்கள். ஒரு டீமில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் தியேட்டரில் சத்தம் அப்படி இருந்தது. "நீ பொட்டு வச்ச தங்கக்குடம்" பாட்டு வந்தபோது எழுந்து நின்று ஆடாதவர்கள் குறைவு. பொன்மனச் செல்வன் படத்துப் பாட்டு அது. விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் என்பதால் சிலர் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

மெய்யழகன் ரொம்ப நீளம் என்கிறார்களே?

நீளம்தான். அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரேம்குமார் இயக்கிய படம், 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. முதலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்ற பேச்சு கிளம்பியதும் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப் போன அருள் (அரவிந்த்சாமி), இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தங்கை புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவனோடு (கார்த்தி) ஓர் இரவு தங்குகிறார். அவன் பேர் என்ன என்பதே அவருக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அப்படிப்பட்ட ஓர் இரவை அவசரப்பட்டுக் காட்ட முடியாது. பேசிக்கொண்டே இருந்தால்தான் அந்த மனிதருக்கு மனசு இளகும், நமக்கும் இளகும்.

கல்யாண மேடையில் அரவிந்த்சாமி கீழே உட்கார்ந்து தங்கை காலில் கொலுசு மாட்டிவிடும் இடத்தைச் சொல்லவேண்டும். அங்கே வசனம் ஏதும் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே போதும். பின்னால் வரிசையில் கையில் கவரோடு நிற்கும் சொந்தக்காரர்களைக்கூட எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

பொறுமை இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் மகாபாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பாயைப் போட்டு உட்கார்ந்து, துரியோதனன் படுகளம்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கு மூன்று மணி நேரம் ஒரு நேரமா?

ஒன்று மட்டும் எனக்கும் பிடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் கார்த்தி வரலாறு, போர், ஜல்லிக்கட்டு என்று பேசும் இடங்களில் அந்தப் பாத்திரம் பேசுவதாக இல்லை, இயக்குநர் பேசுவதாக இருந்தது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அங்கே வெட்டியதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

விடுதலை பார்த்தபோது ஏன் அவ்வளவு கலங்கிப்போனாய்?

அரூர் பக்கத்து மனிதர்கள் யாரிடம் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்கும். படத்தில் வாச்சாத்தி என்ற பேர் வரவில்லை. மலைக்கிராமம், தேடுதல் வேட்டை, ஊர்ப் பெண்களை இழுத்துவந்து அடைத்து வைத்துச் சித்திரவதை செய்வது என்று முதல் பாகம் போகப் போக எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாச்சாத்தி தருமபுரி மாவட்டத்தில் அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. விடுதலை முதல் பாகம் 2023 மார்ச் 31 அன்று வந்தது. அதே வருடம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த நாளில் அந்த மக்கள் இன்னமும் கோர்ட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

படமாகப் பார்த்தால் எனக்கு முதல் பாகம்தான். சூரியின் குமரேசன் சாதாரணக் காவலர், ஜீப் ஓட்டுகிறவர். தன் கண்முன்னால் நடப்பதைத் தடுக்கவும் முடியாமல், பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாமல் அவர் படும் பாடு படத்தைத் தாங்குகிறது. இரண்டாம் பாகத்தில் விஜய் சேதுபதியின் பெருமாள் வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கிறார். பேசுவது நியாயம்தான், ஆனால் குமரேசன் ஓரத்துக்குப் போய்விட்டார். அது எனக்கு ஏமாற்றம்.

வாழை, கொட்டுக்காளி இரண்டும் ஒரே நாளில் வந்ததே. எது உசத்தி?

ஆமாம், 2024 ஆகஸ்ட் 23. இரண்டையும் ஒப்பிட எனக்கு மனமில்லை. தனித்தனியாகச் சொல்கிறேன். (வாழை பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மாரி செல்வராஜ் தன் சிறுவயதில் நடந்ததை வைத்து எடுத்த படம் வாழை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தலையில் வாழைத்தார் சுமந்து சேற்றில் நடக்கும் பையன்கள். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலி, அதை இரண்டு ரூபாய் ஆக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த ஒரு ரூபாயை ஏற்றித் தந்ததும் புரோக்கர் வேறு வழியில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான். ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, லோடு மேலேயே ஏறிப் போகச் சொல்கிறான். லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் ஒரு சாவுக்கும் நடுவில் இருக்கும் கணக்கை இவ்வளவு நேராகக் காட்டிய படம் எனக்கு வேறு நினைவில்லை. எங்கள் பக்கம் மாங்காய் சீசனில் கூழ் தொழிற்சாலைக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிப் போகும் வண்டிகளிலும், ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குத் தக்காளிக் கிரேட் போகும் வண்டிகளிலும் லோடு மேல் ஆட்கள் உட்கார்ந்து போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். படம் பார்த்த பிறகு அப்படி ஒரு வண்டி என்னைத் தாண்டிப் போனால், மேலே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. வினோத்ராஜ் இயக்கம், சூரியும் அன்னா பென்னும் நடித்தது. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் கிட்டத்தட்ட வாயைத் திறப்பதே இல்லை. சூரி கழுத்தில் மருந்து பூசிக்கொண்டு, தொண்டை கட்டிய குரலில் கத்துகிறார். ஒரு இடத்தில் ஆட்டோவை ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கித் திருப்பி வைப்பார்கள். உள்ளே அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்திருப்பாள். படம் எதைப் பற்றியது என்று கேட்பவர்களிடம் நான் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன். முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். தியேட்டரில் "அவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பஸ் ஏறி ஊர் வரும்வரை அவர்களும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்.

பெரிய ஹீரோ படமே உனக்குப் பிடிக்காதா அண்ணா?

யார் சொன்னது தம்பி? ரஜினி படம் என்றால் முதல் வாரமே போய்விடுவேன். கூலியும் அப்படித்தான் பார்த்தேன், 2025 ஆகஸ்ட் 14. நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர்கான் என்று ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு நட்சத்திரத்தை இறக்கியிருந்தார்கள். என் மனதில் நின்றவர்கள் சௌபினும் ரச்சிதா ராமும் மட்டும்தான். அவர்கள் இருவருக்கும் ஏதோ வேண்டியிருக்கிறது, அதற்காகத் துடிக்கிறார்கள். மற்றவர்கள் வந்து நின்று போகிறார்கள்.

மகாராஜா அதற்கு நேர் எதிர். விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர், வீட்டிலிருந்த குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கிறார். ஸ்டேஷனில் இருக்கும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் ஒரு குணம் இருக்கிறது. சிங்கம்புலியை இப்படி யாரும் பயன்படுத்தியதில்லை. இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குப் படம் கெட்டுவிடும். நித்திலன் முன்னும் பின்னுமாகக் கதையைக் கலைத்துப் போட்டிருப்பது பலரைக் குழப்பியது, எனக்கு அது தேவை என்றே பட்டது. சீனாவில் ரிலீஸ் ஆகி அங்கும் ஓடியது.

விடியற்காலைக் காட்சிக்குப் பெங்களூர் போவது சரியா?

தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கு முதல் காட்சி காலை 9 மணி என்று ஆகிவிட்டது. கர்நாடகத்தில் பொழுது விடியும் முன்பே போட்டுவிடுகிறார்கள். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கேயே கர்நாடகம் தொடங்கிவிடும். அதனால் நம் பையன்கள் ராத்திரியே பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவது வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போகவேண்டும் என்றால் பஸ்ஸில் போங்கள். டிக்கெட்டும் அங்கே விலை அதிகம்.

குழந்தைகளோடு எதைப் பார்க்கலாம்?

முதலில் சான்றிதழைப் பாருங்கள். ஏ என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விடக்கூடாது. கூலிக்கு ஏ கொடுத்தது தெரியாமல் பிள்ளைகளோடு போன குடும்பங்கள் வாசலில் தவித்தன. இப்போது யுஏ சான்றிதழிலும் 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், போஸ்டரிலேயே இருக்கும்.

என் பரிந்துரை பறந்து போ. ராம் இயக்கம், சிவா நடித்தது, 2025 ஜூலை. கடன் தவணைக்கு அல்லாடும் அப்பா, வீட்டுக்குள் பூட்டிக்கிடந்து சலித்த பையன். இருவரும் பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய ஆபத்து, வில்லன் என்று எதுவும் கிடையாது. மரம் ஏறுவது, குளத்தில் குதிப்பது என்று போய்க்கொண்டே இருக்கும். தீர்த்தமலைப் பக்கமோ ஒகேனக்கலுக்கோ பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை வந்துவிடும்.

குடும்பஸ்தன், 3 பிஎச்கே: எதை முதலில்?

மனசு லேசாகவேண்டும் என்றால் குடும்பஸ்தன். வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன் மேல் கடன் வாங்கும் நவீனாக மணிகண்டன், காசு இருக்கிற திமிரோடு மச்சானாகக் குரு சோமசுந்தரம். கோயம்புத்தூர்ப் பேச்சு காதுக்கு இதம்.

3 பிஎச்கே சிரிக்க வைக்காது. ஒரு வீடு வாங்க வருடக்கணக்கில் காசு சேர்க்கும் குடும்பம். சேர்ந்த நேரத்தில் எல்லாம் ஒரு செலவு வந்து நிற்கிறது. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் என் நண்பர்களில் சிலரால் படம் முடிந்தும் சீட்டிலிருந்து எழ முடியவில்லை. சரத்குமார், தேவயானி இருவரும் அவ்வளவு அடக்கி நடித்திருந்தார்கள். கொஞ்சம் அளவுக்கு மீறிச் சோதிக்கிறார்கள் என்பது என் ஒரே புகார்.

டூரிஸ்ட் ஃபேமிலி நிஜத்தில் நடக்குமா? எல்லோரும் அவ்வளவு நல்லவர்களா?

நடக்காதுதான். இலங்கையிலிருந்து தோணியில் வந்த குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் குடியேறி, எல்லோரையும் மாற்றிவிடுவது ஆசைக் கதை. ஆனால் அந்தக் காலனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துக்கம் வைத்திருக்கிறார் இயக்குநர் அபிஷன். மனைவியை இழந்த பெரியவராக வரும் குமரவேலை மறக்க முடியுமா? கடைசியில் போலீஸ் விசாரிக்க வரும்போது காலனியே இலங்கைத் தமிழ் பேசும் இடத்தில் தியேட்டரே கைதட்டியது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அந்த வீடுகளுக்குள் போய் ஒரு டீ குடித்திருக்கிறோம்? படம் நடக்காததைக் காட்டுகிறது என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெலுங்கு, கன்னடப் படம் பார்ப்பாயா?

பார்ப்பேன். ஓசூர்க்காரர்களுக்கு இது கேள்வியே இல்லை, வீட்டில் ஒன்று கடையில் ஒன்று என்று மூன்று மொழியும் பேசுவார்கள். முடிந்தால் மூல மொழியில் பாருங்கள். காந்தாராவை நான் கன்னடத்தில் பார்த்தேன். பூத கோலம் ஆடி ரிஷப் ஷெட்டி போடும் அந்தக் கூவலுக்கு டப்பிங் தேவையில்லை. வேஷம் கட்டிச் சாமி ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதும் இல்லை. 2025இல் வந்த முன்கதை பிரம்மாண்டம்தான், ஆனால் முதல் படத்தில் இருந்த ஊர் மனிதர்கள் அதில் இல்லை.

நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறதே, தியேட்டர் எதற்கு?

லப்பர் பந்தை வீட்டில் தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மெய்யழகனை வீட்டில் பார்க்கலாம், ஆனால் போனை வேறு அறையில் வையுங்கள். கொட்டுக்காளிக்கு நல்ல ஹெட்போன் வேண்டும், அந்தப் படத்தில் காற்றும் வண்டிச் சத்தமும்தான் இசை. தியேட்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டிக்கெட் விலையைவிடப் பாப்கார்ன் விலை அதிகமாக இருந்தால் நாலு பேர் உள்ள குடும்பம் எப்படி வரும்? கழிவறையைச் சுத்தமாக வைத்தால் பெண்கள் இன்னும் அதிகமாக வருவார்கள்.

அம்மா தியேட்டருக்கு வந்து பல வருடம் ஆகிறது. எதைக் காட்டலாம்?

என் அக்கா கேட்ட கேள்வி இது. பைசன் வேண்டாம் என்றேன். மகனைக் கபடி ஆடவிடப் பயப்படும் அப்பாவாகப் பசுபதி நடித்திருப்பதை எல்லோரும் பார்க்கவேண்டும், ஆனால் வெட்டுக்குத்து அதிகம். அமரன் நல்ல படம், சாய் பல்லவிக்காகவே பார்க்கலாம். ஆனால் உயிர்விட்ட ராணுவ அதிகாரியின் நிஜக் கதை, முடிவு தெரிந்தே பார்க்கவேண்டும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு அது பாரம். வீட்டிலேயே மெய்யழகன் போடச் சொன்னேன். மதியச் சாப்பாடு முடிந்து, அவசர வேலை எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துப் போடச் சொன்னேன். கொலுசுக் காட்சி வந்ததும் அம்மா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் போன தன் அண்ணன் மகளின் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாராம். மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தார்கள்.